குவைத்தில் நான் பார்த்த குருவிகள்

என்ட மகனுக்கு உம்மா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் எண்டு எழுதிப் பழகின கை இது. குவைத்துல இருந்த மூணு வருசமும் மாசத்துக்கு ஒரு கடிதம் போட்டன், எல்லாத்திலயும் முதல் வரி அதுதான். இண்டைக்கு அந்த வரிய எழுதாமத் தொடங்குறன். எனக்குச் சீனி வருத்தமும் இல்ல, பிரஷரும் இல்ல. மனசுதான் கசந்து போய்க் கிடக்கு. நீ கொழும்புல கடைக்கு மேல உள்ள அறையில படுத்துக்கொண்டு உன்ட பொஞ்சாதி ஜெஸீமாவ வெளிநாட்டு ஊட்டு வேலைக்கு அனுப்பப் பாஸ்போட்டுக்காக ஓடித்திரியிறாய். வாற வியாழக்கிழமை இரவு பஸ்ஸில அவ ஏறணும், வெள்ளிக்கிழமை விடிய நீ பஸ் ஸ்டாண்டுல நிண்டு அவளக் கூட்டிக்கொண்டு போகணும், பிறகு மெடிக்கல், பிறகு விசா, பிறகு பிளேன். எல்லாம் நீ ஒழுங்கா எழுதி அனுப்பியிருக்காய். நான் எழுதப் போறது ஒழுங்கா இருக்காது. நீளமா இருக்கும். ஆறுதலா இருந்து வாசி.

நோன்புப் பெருநாள் அண்டைக்கு நீ பொஞ்சாதியையும் புள்ளையையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதிலிருந்து என்ட ஊட்டுக்கு வந்தாய். நான் குசினியில வட்டிலாப்பம் வெட்டிக்கொண்டு நிண்டன். நீ என்ட டிரங்குப் பெட்டியத் திறந்து, நான் குவைத்துல பேசி அனுப்பின பழைய கசட்டுகளத் தேடியெடுத்துப் போட்டாய். "இஞ்ச வா ஜெஸி, என்ட உம்மா வெளிநாட்டுல பட்ட கஷ்டத்தக் கேளு" எண்டு சொல்லிச் சிரிச்சாய். பிறகு என்ட குரல் வந்தது. "மகன், இண்டைக்கு உனக்கு ஒரு புதினம் சொல்லப் போறன். சுபஹு தொழுதிட்டு வெளிய வந்து பாத்தா, மொட்டை மாடி நிறையக் கடற்காகம். நம்மட கரையில கரவலை இழுக்கக்க வருமே, அதே சாதி." நீ ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போட்டுக் காட்டினாய். கடற்காகம், வாலாட்டிக் குருவி, பூநாரை. "பாத்தியா? மனிசி மூணு வருசம் குருவி பாத்துக்கொண்டு இருந்திருக்கா. அதுக்குச் சம்பளமும் குடுத்திருக்கானுகள். நீ என்னத்துக்குப் பயப்படுறாய்?" ஜெஸீமா சிரிக்கல்ல. எழும்பிக் குசினிக்கு வந்து என்ட பக்கத்துல நிண்டா. "மாமி, மெய்தானா? அந்தக் குருவியெல்லாம் வந்ததா?" எண்டு கேட்டா. அவ கேட்டது குருவிய இல்ல எண்டு எனக்கு விளங்கினது. எண்டாலும் நான் "வந்தது புள்ள" எண்டு மட்டும் சொன்னன். அவட கையில ஒரு துண்டு வட்டிலாப்பத்தக் குடுத்து அனுப்பிட்டன்.

நான் ஏன் போனன் எண்டு உனக்கு முழுசாத் தெரியாது. சூறாவளி அடிச்ச இரவு உன்ட வாப்பாட இடுப்புல தென்னை விழுந்தது, நீ கண்டாய். அதுக்குப் பிறகு அவர் எழும்பி நடக்கல்ல. உன்ட மாமா, என்ட கூடப்பிறந்த காக்கா, ஊட்டுக்கு வந்து, "பொம்புள வெளிநாடு போய்க் கழுவித் துடைச்சுத்தான் நம்மட குடும்பம் சாப்பிடணுமா? நீ போனா திரும்பி என்ட வாசப்படி மிதிக்காத" எண்டு சத்தம் போட்டார். அவர் அப்பிடிச் சொல்லாம இருந்தா நான் போயிருக்க மாட்டன் எண்டு இப்ப நினைக்கிறன். எனக்கு அவ்வளவு பெருமை. "நான் போய் ராணி மாதிரி இருந்து காட்டுறன்" எண்டு சொல்லிட்டன். ஏஜென்சியில கடதாசிய நீட்டி, கைநாட்டு வெக்க மையும் தந்தான். நான் மையத் தள்ளி வெச்சிட்டுப் பேனைய வாங்கி முழுப் பேரையும் எழுதினன். அஞ்சாம் வகுப்போட நிண்டாலும் என்ட எழுத்து வடிவான எழுத்து. என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கல்ல. கேட்டா எனக்கு அந்தப் பாசை வாசிக்கத் தெரியாது எண்டு தெரிஞ்சிரும். மகன், பேனை பிடிக்கத் தெரிஞ்ச பெருமையில நான் ஒப்பம் வெச்ச கடதாசி அது. நீ இப்ப ஜெஸீமாவுக்குக் கொண்டுவந்து வெக்கிறதும் அதே மாதிரிக் கடதாசிதான். அவ ஓ.எல். வரைக்கும் படிச்சவ, ஆனா அவவுக்கும் அத வாசிக்க ஏலாது, அது அரபியில இருக்கும்.

அந்தக் காலத்துல கசட் வந்தா ஊட்டுல பெருநாள் மாதிரி. உனக்கு ஞாபகம் இருக்கும். பாய் விரிச்சு, மாமா மாமிமார், பக்கத்து ஊட்டார், எல்லாரும் குந்தியிருந்து கேப்பீங்க. "இஞ்ச ஊட்டுக்காரிய மாமா எண்டுதான் கூப்பிடணும் மகன், உன்ட மாமாட காதுல போட்டுராத" எண்டு நான் சொன்னதுக்கு எல்லாரும் விழுந்து சிரிச்சதா எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பூட்டு. நான் ஒரு சொட்டு அழுதா அத உன்ட மாமா கேப்பார், மாமி கேப்பா, ஊரே கேக்கும். ராணி மாதிரி இருக்கன் எண்டு பொய் சொல்லவும் நாக்கு வரல்ல, நோன்பு பிடிக்கிற நாக்கு. உள்ளதச் சொல்லவும் ஏலாது. பொய்யும் இல்லாம மெய்யும் இல்லாம என்னத்தச் சொல்ற? அந்தப் பெரிய பட்டணத்துல எனக்கு மிச்சமா இருந்தது குருவி மட்டும்தான். அதச் சொன்னன்.

இப்ப கேளு. முதல் கசட்டுல வந்த கடற்காகத்தின்ட கதை இது. என்ன மொட்டை மாடியில தண்ணித் தாங்கிக்குப் பக்கத்துல ஒரு அறையில படுக்க விட்டிருந்தாங்க. அரபு நாடு எண்டா வெயில் எண்டு நினைச்சு ஒரு கம்பளி கூட இல்லாமப் போனவள் நான். அங்க குளிர்காலத்துல காத்து எலும்புக்குள்ளால போகும். குளிர் வந்தா அந்த ஊட்டார் பாலைவனத்துல கூடாரம் அடிச்சு இருக்கப் போவாங்க, அது அவங்கட சந்தோசம். முதல் தடவை போகக்க, நான் ஓடிருவன் எண்டு பயந்து, மாடிப்படிக் கதவப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. மூணு நாளைக்கு ரொட்டியும் ஒரு டின் மீனும். ரெண்டாம் நாள் காலையில அறைக் கதவத் திறந்தன், ரொட்டிப் பை வெளியில கிழிஞ்சு கிடக்கு, நான் சொன்னேனே, மாடி நிறையக் கடற்காகம். ரொட்டியப் புடுங்கிப் புடுங்கித் தின்னுது. நான் செருப்பத் தூக்கிக்கொண்டு ஓடினன், ஒண்டு என்ட கையக் கொத்தினது. பிறகு தாங்கியோட சாஞ்சு குந்திக்கொண்டு அதுகள் தின்னுறதப் பாத்தன். பசி எண்டாலும், உசிரோட ஏதோ ஒண்டு பக்கத்துல நிக்குதே எண்டு இருந்தது. உனக்கு எப்பிடிச் சொன்னன்? "அதுகளுக்கு நான் ரொட்டி போட்டன் மகன், கையில வந்து தின்னுது." நீ அண்டைக்குக் கை தட்டினாயாம்.

நீ அதுக்குப் பதில் கசட் அனுப்பினாய். பதினொரு வயசுக் குரல், பாதியில இருமல். "உம்மா, இன்னும் குருவிக் கதை சொல்லுங்க. மாமா புள்ளையளுக்கு ஆருக்கும் இப்பிடிக் கதை வரல்ல." மகன், நான் குருவி பாக்கத் தொடங்கினது அண்டையிலிருந்துதான். நேரம் போகாமப் பாத்ததில்ல. நாலு மணிக்கு எழும்பினாத்தான் அவங்கட புள்ளையளுக்கு உடுப்பு அழுத்தி முடிக்கலாம், நான் மூண்டரைக்கு எழும்பினன். அரை மணி நேரம் மாடிச் சுவரோரம் நிண்டு, விரல் விறைக்க விறைக்க, அந்த இருட்டுக்குள்ள பாத்தன், அடுத்த கசட்டுக்கு உனக்கு ஒரு குருவி வேணும் எண்டு. தெரு விளக்குக்குக் கீழ வாலாட்டிக் குருவி வந்து நிண்டு வால ஆட்டும். அது நம்மட வயல் வரப்புல மாரிக்கு வாற சாதி. இவ்வளவு தூரம் வரத் தெரிஞ்ச சாமானுக்கு என்ட ஊட்டுக்குப் போகவும் தெரியும்தானே எண்டு நினைச்சு நினைச்சுப் பாப்பன். கோடை வந்தா ஒண்டும் இராது. கல்லு வெடிக்கிற வெயில்ல எந்தக் குருவி வரும்? கோடைக் கசட்டுல நான் சொன்னதெல்லாம் பழைய குருவி, மாத்தி மாத்திச் சொன்னது. அந்தப் பொய்யையும் கடற்காகத்துக்கு ரொட்டி போட்ட பொய்யையும் அல்லாஹ் மன்னிப்பான் எண்டு நம்புறன்.

ரெண்டாம் வருசம் பூநாரை. "பாபா எங்களக் காருல கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார் மகன், சேத்துத் தரையில ரோசாப்பூ வரிசையா நட்ட மாதிரி ஆயிரம் பூநாரை." அந்த ஊட்டு ஆம்புளையப் பாபா எண்டுதான் சொல்லணும். அவர் காருல கூட்டிக்கொண்டு போனது மெய். கடற்கரை ரோட்டால போனதும் மெய். போனது ஆசுப்பத்திரிக்கு. பெரிய சோத்துச் சட்டி, ரெண்டு பேர் தூக்கிற சட்டி, என்னத் தனியத் தூக்கச் சொன்னாங்க. கொதிச்ச நெய்யோட அது என்ட இடது கையில சரிஞ்சது. என்ட மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் உள்ள தழும்ப நீ கண்டிருக்காய், நம்மட அடுப்புல பட்டது எண்டு நான் சொன்னத நம்பியும் இருக்காய். நம்மட அடுப்புல அவ்வளவு நெய் எப்ப கொதிச்சது எண்டு ஒரு நாளும் நீ யோசிக்கல்ல. கைய ஈரத் துணியில சுத்திக்கொண்டு, பல்லக் கடிச்சுக்கொண்டு, கண்ணாடியால வெளிய பாத்தன். அப்பத்தான் அதுகள் நிண்டது. அவ்வளவு வடிவு, மகன். அந்த வடிவப் பாத்து எனக்கு வந்தது கோவம்.

மூணாம் வருசத்துக் குருவியப் பத்தித்தான் நீ என்னோட இத்தனை வருசமா மனசுக்குள்ள கோவம். உன்ட வாப்பா மௌத்தான செய்தி கடிதத்துல வந்தது. வந்து சேரக்க அவர அடக்கி இருவது நாள். நம்மட ஊருல எண்டா நான் வெள்ளை உடுத்து, அறைக்குள்ள, ஒரு அந்நிய ஆம்புளைட கண்ணுல படாம நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்திருப்பன். ஊருல எல்லாரும், "அரபு நாட்டுல, தீன்காரர்ட ஊட்டுல இத்தா இருக்கிறா, என்ன பாக்கியம்" எண்டு கதைச்சதாகப் பிறகு கேள்விப்பட்டன். நான் அந்த ஊட்டுக்காரியிட்டப் போய், "மௌத்" எண்டு சொன்னன். அந்தச் சொல்லு அவளுக்கும் விளங்கும். அவ துஆ கேட்டா, என்ட தலையத் தடவினா, அவளயும் குறை சொல்ல மாட்டன். பிறகு, பின்னேரம் ஆம்புளைகள் முப்பது பேர் விருந்துக்கு வாறாங்க எண்டு சொல்லித் தேத்தண்ணிக் கோப்பைகளக் காட்டினா. நான் முப்பது அந்நிய ஆம்புளைக்கு முன்னால தட்டம் ஏந்திக்கொண்டு போனன். என்ட இத்தா ஒரு முழ வெள்ளைத் துணி. கறுப்புத் தலைத்துண்டுக்கு உள்ளால, ஒருத்தரும் காணாம, நாலு மாசம் பத்து நாளும் அதக் கட்டியிருந்தன்.

அந்தக் கிழமை உனக்குக் கசட் பேசக் குந்தினன். மூணு தரம் பொத்தான அமத்தினன். "மகன்" எண்டு சொன்னா அதுக்கு மேல குரல் வரல்ல, அழிச்சுப்போட்டுத் திரும்பவும் அமத்தினன். அப்ப மாடிச் சுவருல ஒண்டு வந்து குந்தினது. தலையில கொண்டை, சிறகுல கறுப்பும் வெள்ளையும். ஹுத்ஹுத். ஓதப்பள்ளியில கேட்டிருக்காய், சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்த குருவி. அதிலிருந்து தொடங்குவம், குருவி செய்தி கொண்டுவந்தது எண்டு சொல்லி வாப்பாட கதைக்கு வருவம் எண்டு நினைச்சன். அதின்ட கொண்டையச் சொன்னன், சொண்டச் சொன்னன், நிலத்தக் கொத்திக் கொத்திப் புழு தேடுறதச் சொன்னன். செய்திக்கு வர ஏலாமச் சுத்திச் சுத்திக் குருவியையே சொல்லிக்கொண்டிருந்தன். பக்கம் முடிஞ்சு பொத்தான் தன்பாட்டுல டக்கெண்டு மேல வந்திட்டு. அதுக்கு மேல பேச எனக்குச் சக்தி இல்ல. அப்பிடியே உறையில போட்டுக் குடுத்திட்டன்.

அது போய்ச் சேந்தது வாப்பாட நாப்பதாம் நாள் கத்தத்துக்கு ஓதின நாள். ஊடு நிறையச் சனம். உன்ட மாமா எழும்பி, "நிப்பாட்டுங்க இத! புருசன் மண்ணுக்குள்ள, இவ குருவிக் கதை சொல்றா" எண்டு கத்தினாராம். நீ மூலையில குந்தியிருந்தாயாம். போன வருசம் நீ என்னோட சண்டை பிடிக்கக்கதான் சொன்னாய், "அண்டைக்கு நான் வாப்பாக்காக அழல்ல, உங்களால வெக்கப்பட்டுக் குந்தியிருந்தன்" எண்டு. அப்பவும் நான் வாயத் திறக்கல்ல. நீயா ஒரு நாள் கேக்கணும், கேட்டாச் சொல்லணும் எண்டு காத்திருந்தன். நீ கேக்கல்ல. என்ட பெருமையும் விடல்ல. ரெண்டு பேரும் ஒரே மண்ணால செஞ்ச ஆக்கள். ஒண்டு சொல்றன், மனசுல வை. தூரத்துல இருந்து ஒருத்தர் அனுப்புற சொல்லுல என்ன இருக்கு எண்டு பாக்காத, என்ன இல்ல எண்டு பாரு. மூணு வருசக் கசட்டுல ஒரு தரமும் நான் என்ன சாப்பிட்டன் எண்டு சொல்லல்ல. சோத்த விட்டுட்டுக் கதைக்கிற பொம்புள நம்மட ஊருல ஆர் இருக்கா?

உன்ட நிலைமை எனக்குத் தெரியாம இல்ல. இந்தச் சண்டைக்குள்ள, வயலுக்குப் போனவன் பொழுதுபட முந்தித் திரும்பி வருவானா எண்டு வாசல்ல நிண்டு பாக்கிற காலமாப் போச்சு. விதைச்சத வெட்ட ஏலாம விட்டுட்டுத்தான் நீ கொழும்புக்குப் போய் அடுத்தவன்ட கடையில துணி மடிக்கிறாய். ஆம்புளைக்கு வெளிநாடு போக ஏஜென்சிக்காரன் காசுக்கு வாயத் திறக்கிறான், பொம்புளையச் சும்மா அனுப்புறான். ஏன் சும்மா அனுப்புறான் எண்டு நீ கேட்டியா? ஜெஸீமாட உம்மா உசிரோட இருந்தா, "என்ட மகள அனுப்ப நீ ஆர்?" எண்டு உன்ட சட்டையப் பிடிச்சிருப்பா. அந்த மனிசி இல்லாத இடத்துல கேக்க ஆள் இல்ல எண்டு நினைச்சாய். நான் இருக்கன்.

இன்னொண்டையும் ஒளிக்காமச் சொல்லணும். பெருநாளைக்கு முந்தி, "ஜெஸி போனா ஸுமையாவ நீங்கதான் பாக்கணும் உம்மா" எண்டு நீ முதல்ல சொன்ன நேரம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் வந்தது. ஒண்டரை வயசு. "வாப்பும்மா" எண்டு வாய் நிறையச் சொல்லுது, கல்முனைக்குடியில அப்பிடி ஒரு பேத்தி வேற ஆருக்கும் இல்ல. அது என்ட பக்கத்துலயே படுக்கும், நான் சோறு பிசைஞ்சு வாயில தீத்துவன், உன்னில எனக்குக் கிடைக்காத வருசங்கள் அதில கிடைக்கும் எண்டு நினைச்சன். ஒரு உம்மாவ வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு அவட புள்ளய எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை வந்தது, மகன். அந்தச் சந்தோசத்தோட ரெண்டு கிழமை வாயப் பொத்திக்கொண்டு இருந்தன். பிறகுதான் நீ கசட்டப் போட்டாய். என்ட குரல வெச்சே இன்னொரு பொம்புளையப் பிளேன்ல ஏத்தப் பாக்கிறாய். அந்தக் கசட்டப் பேசினவள் நான். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

அதால இந்தக் கடிதத்த உறையில போட்டு ஒட்டாம, நாளைக்குக் காலையில சாய்ந்தமருதுக்குக் கொண்டுபோய் ஜெஸீமாட கையில குடுக்கப் போறன். அவ வாசிச்ச பிறகுதான் உனக்கு. போ எண்டும் சொல்ல மாட்டன், போகாத எண்டும் சொல்ல மாட்டன். எனக்கு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லாதத அவளுக்குச் சொல்றன், அவ்வளவுதான். அவ போறதா முடிவெடுத்தா ஸுமையாவ நான் பாப்பன், ஆனா நீ கடையையும் அறையையும் விட்டுட்டு ஊருக்கு வந்து புள்ளைக்குச் சோறு தீத்தணும். உம்மாவும் இல்லாம வாப்பாவும் இல்லாம ஒரு புள்ள கசட்டுப் பெட்டிக்கு முன்னால குந்தியிருக்க இனி என்ட ஊட்டுல இடமில்ல. அந்த ஏஜென்சி வாசல்ல பொஞ்சாதிமாரக் கூட்டிக்கொண்டு வரிசையில நிக்கிற ஆம்புளைகளுக்கும் இத வாசிச்சுக் காட்டு. வெக்கப்படாத. வெக்கம் எல்லாத்தையும் நான் பட்டு முடிச்சிட்டன்.

ஜெஸீமாட்ட ஒரு முத்திரையும் குடுக்கப் போறன். போகாம நிண்டா, அத ஒட்டித் தபால்ல போடுவா. அப்பிடித் தபால்காரன் கையால இது உனக்குக் கிடைச்சா, வெள்ளிக்கிழமை விடிய பஸ் ஸ்டாண்டுல போய் நிக்காத, பஸ்ஸில அவ இருக்க மாட்டா. ஊருக்கு வா, என்ன செய்யலாம் எண்டு மூணு பேரும் குந்தியிருந்து கதைப்பம். உறையில முத்திரை இல்லாட்டி, இதத் தந்தவ இப்ப உனக்கு முன்னால நிக்கிறா எண்டு அர்த்தம். கடிதத்த மடிச்சு வை. அவட முகத்தப் பாரு. அவ உனக்குக் குருவிக் கதை சொல்லத் தொடங்க முந்திப் பாரு.

உன்ட உம்மா